தாராவிக்கு ஒரு மரம் அறுக்கும் மிஷின்

1

மரம் அறுக்க மிஷின் வாங்கப் போகிறோம் என்று சொன்னதும், வள்ளியூரில் இருக்கும் என் தங்கச்சி போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அங்க காலு நீட்டிப் படுக்க எடமில்லன்னு சொல்லுவ. மரம் எங்கக்கா நிக்கி?"

"மரம் நிக்கல. வெட்டிப் போட்டதுதான் கெடக்கு" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. ஊரில் இருக்கிற உங்களுக்கும் விளங்காது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தாராவியில் எங்கள் சந்தில் ஒரு முருங்கைகூடக் கிடையாது. ஆனால் பொங்கல் உண்டு. தை முதல் நாள் விடியற்காலையில் சந்து வாசலிலிருந்து ரோட்டோரமாக வீட்டுக்கு மூன்று செங்கல் வைத்து வரிசையாக அடுப்புப் போடுவோம். குக்கர் கிடையாது, கேஸ் கிடையாது, விறகுதான். போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்கூட்டியே மனு கொடுத்து, வார்டு ஆபீசில் ஒரு முறை போய் நின்று, 'ரோட்டில் சமையலா?' என்று கேட்கும் புது அதிகாரிக்கு இது சமையல் இல்லை, சாமி காரியம் என்று விளக்கி, இத்தனைக்கும் பிறகுதான் ஒரு பானை பொங்கும். ஊரில் பனையோலையை இழுத்துப் போட்டுக் கொளுத்துகிற உங்களுக்கு இந்தப் பாடு தெரியாது.

விறகு சுலைமான் பாயின் கிடங்கிலிருந்து வரும். பாய் கடையநல்லூர்க்காரர். இடித்த வீடுகளின் பழைய மரத்தை வாங்கி விற்கிறவர். உத்தரம், கதவு நிலை, பரண் பலகை என்று எது விற்காதோ அதைப் பொங்கலுக்கு எங்களுக்கு ஒதுக்கி வைப்பார். காசு வாங்க மாட்டார், பொங்கல் மட்டும் ஒரு தூக்குவாளி போய்விட வேண்டும். அந்தக் கட்டைகளைப் பிளந்து தர இரண்டு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். கோடாலியோடு அவர்கள் வந்து நின்றாலே எங்களுக்குப் பொங்கல் வந்துவிட்டது மாதிரி. அவர்கள் கல்யாண் ஸ்டேஷனுக்கு அப்பால் வீடு வாங்கிப் போய்விட்டார்கள்.

போன வருஷம் கோடாலியை எடுத்தவர் என் வீட்டுக்காரர். மூன்றாவது போடில் தோள்பட்டை இறங்கிக்கொண்டது. சயான் ஆஸ்பத்திரியில் அவர் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பாதி வீடுகளில் பொங்கலைக் கேஸ் அடுப்பில் வைத்து இறக்கினார்கள். பொங்கியதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு யாரும் யார் வீட்டுப் பானையையும் எட்டிப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பொங்கினால் அதற்குப் பெயர் பொங்கலா, காலை டிபனா?

இந்த வருஷம் மிஷின் என்று சந்துக் கமிட்டியில் முடிவானது அப்படித்தான். வாங்குகிற பொறுப்பு இவரிடம் வந்தது. தோளை இறக்கிக்கொண்டவர் என்ற தகுதி போதாதா?

2

என் வீட்டுக்காரர் தங்கராசு தோல் பை வெட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். கருவி என்றால் அவருக்கு உயிர். ஒரு கத்தரிக்கோல் வாங்க நாலு கடை ஏறி இறங்குவார். மரம் அறுக்கும் மிஷினில் இரண்டு ஜாதி இருக்கிறது என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்து, போனில் இரண்டு படத்தையும் மாறி மாறிக் காட்டினார்.

ஒன்று வீட்டு உபயோகத்துக்கு. உடம்பு பிளாஸ்டிக், தூக்க லேசு, எப்போதாவது ஒரு கிளை வெட்டிக்கொள்ளலாம். இன்னொன்று தொழில்காரர்களுக்கு. உள்ளே எல்லாம் உலோகம், பிரித்துப் பிரித்துப் பாகம் மாற்றலாம், நாள் முழுக்க ஓட்டினாலும் முனகாது. விலை மூன்று மடங்கு.

"நமக்கு எது?" என்றேன்.

"பெருசுதான்."

"வருசத்துக்கு ஒரு நா அறுக்கதுக்கா?"

"வாங்குதத உருப்படியா வாங்கணும், மாரி. கமிட்டி தாரது போக மிச்சத்த நான் போட்டுக்கிடுதேன்."

எனக்கு இது பெரிய ஆச்சரியம். நாங்கள் உருப்படியாக எதையும் வாங்கியவர்கள் இல்லை. கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்த நாளிலிருந்து 'இன்னும் ரெண்டு வருசம், அப்புறம் ஊரு' என்றுதான் பேச்சு. அதனால் கட்டில் மடக்குக் கட்டில். நாற்காலி பிளாஸ்டிக். பீரோ வாங்கலாம் என்றால், 'ரயில்ல எப்படிக் கொண்டு போக?' ஊருக்குக் கொண்டுபோக முடியாத எதுவும் இந்த வீட்டுக்குள் வந்ததில்லை, என் மகள் சுதாவைத் தவிர. அவள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இப்போது செம்பூரில் ஒரு லேபில் ரத்தம் சோதிக்கிற வேலை பார்க்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்கமாட்டாள். நான் எழுதுகிற இதையும் நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இந்த மனுஷன் இப்போது இருபது வருஷம் உழைக்கிற ஒரு பொருளைக் கேட்கிறார். அதுவும் எந்த நேரத்தில்? தாராவியையே இடித்துக் கட்டப் போகிறோம், மறுசீரமைப்பு என்று வீட்டுக்கு வீடு கணக்கெடுத்து, கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கீழ்வீட்டுக்கு மாற்று வீடு இங்கே, மேல்வீட்டுக்கு வேறெங்கோ என்று ஆளுக்கொரு சேதி. எங்களுடையது மேல்வீடு. பழைய கரண்டு பில்லையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்துக்கொண்டு சந்தே உட்கார்ந்திருக்கிறது. நம்பர் எழுதிய மழைக்காலம் போய்விட்டது, எனக்கு இன்னும் ராத்தூக்கம் சரியில்லை. கிளினிக்கில் நோயாளிகளின் பெயர் எழுதுவது என் வேலை, அதில் இரண்டு முறை ஆள் மாற்றி எழுதி டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினேன். அடுத்த பொங்கலுக்கு இந்தச் சந்து இருக்குமா என்றே தெரியாதபோது, இருபது வருஷத்து மிஷினா?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபத்துக்கு நடுவில் எனக்கு ஒரு சந்தோஷமும் வந்தது. இவர் இங்கேயே இருக்கத் துணிந்துவிட்டார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு கொஞ்ச நாள் எனக்குச் சோறு இறங்க வைத்தது.

3

மஸ்ஜித் பந்தர் பக்கம் மிஷின் சாமான் விற்கும் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் குஜராத்தி. நல்ல மனுஷன், அவசரமில்லாமல் பேசினார். இரண்டையும் மேஜையில் வைத்து, தூக்கிப் பார்க்கச் சொன்னார். சின்னது நம் வீட்டு மிக்ஸி கனம்தான். பெரியதைத் தூக்கிய இவருடைய தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

வருஷத்துக்கு எத்தனை நாள் ஓடும் என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார். ஒரு நாள் என்றேன். அப்படியென்றால் சின்னதே தாராளம் என்றார். பெரிய மிஷின் வேலை இல்லாமல் கிடந்தால்தான் கெடும், டாங்கில் பெட்ரோல் நின்று பிசினாகிவிடும், பழகாத கைக்கு அதன் கனமே எதிரி, நுனி எதிலாவது பட்டால் ஆளை நோக்கித் துள்ளும் என்று வரிசையாகச் சொன்னார். விலை அதிகமானதை வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை இந்த ஊரில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இவர் விடவில்லை. "நை, படாவாலா சாஹியே" என்றார், பெரியதுதான் வேண்டுமாம்.

"என்ன மரம் வெட்டப் போகிறீர்கள்?" என்று அவர் கேட்டார்.

"பபூல்" என்றார் இவர். இரண்டு கையாலும் வளைத்து, தடிமன் காட்டினார். அரை ஏக்கர் முழுக்க நிற்கிறது, அடியோடு அறுக்க வேண்டும் என்றார்.

பபூல் என்றால் வேலமரம். தாராவியில் வேலமரம் எங்கே இருக்கிறது? சுலைமான் பாயின் கிடங்கில்கூடக் கிடையாது. எனக்குத் தெரிந்து இவர் பெயரில் அரை ஏக்கர் இருப்பது ஒரே இடத்தில்தான். வள்ளியூரிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், இவருடைய அய்யா விட்டுப் போன தரிசு. சீமைக்கருவேலம் மண்டிப் போய் ஆடுகூட நுழையாமல் கிடக்கிறது.

அன்னிய மனுஷன் முன்னால் நான் குரலை உயர்த்தவில்லை. தமிழில் மெதுவாகத்தான் கேட்டேன்.

"எப்ப முடிவு பண்ணுனிய?"

அவர் மிஷினைத் தடவிக்கொண்டே இருந்தார். "கதவுல நம்பர் எழுதுனாம்லா, அன்னைக்கு."

"எங்கிட்ட எப்ப சொல்லுததா இருந்திய?"

"மரத்த வெட்டிட்டுச் சொல்லலாம்னு."

ஒன்றும் வாங்காமல் இறங்கினோம். ஸ்டேஷனில் ரயில் வந்தது. அவர் பொதுப் பெட்டியில் ஏறினார், நான் லேடீஸில் ஏறினேன். மும்பையில் புருஷன் பெண்டாட்டி சண்டை பாதி இப்படித்தான் தீர்ந்துபோகிறது, அல்லது ஊறிப்போகிறது. மஸ்ஜித்திலிருந்து சயான் வரைக்கும் நான் கேட்க நினைத்ததையெல்லாம், பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஒரு மராத்திப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மனசுக்குள் கேட்டு முடித்தேன். அவள் பாவம், 'க்யா ஹுவா?', என்ன ஆச்சு என்று கேட்டு, கையில் நாலு பட்டாணி கொடுத்தாள்.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. 'இன்னும் ரெண்டு வருசம், அப்புறம் ஊரு' என்று இத்தனை காலம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். அவர் 'சரி, போவம்' என்று எழுந்து நின்றதும் உட்கார்ந்துவிட்டவளும் நான்தான். நான் போக விரும்பவில்லை. சயான் ஸ்டேஷனில் கூட்டத்தோடு இறங்கும்போது அதை எனக்கு நானே முதல் முறையாகச் சொல்லிக்கொண்டேன்.

4

வீட்டில் சுதா இருந்தாள். இரண்டு நாள் நாங்கள் பேசாமல் நடமாடியதில் அவளாகவே விஷயத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அரே அப்பா, சால்மே ஏக் தின். வருசத்துக்கு ஒரு நாளுக்குப் போயி புரொஃபஷனலா? வாடகைக்கு எடுங்க, போதும்."

"மிஷினப் பத்தி இல்லட்டி பேச்சு" என்றேன்.

"அப்ப எதப் பத்தி?"

இவர் சொன்னார். ஊருக்குப் போய் அந்த இடத்தைத் திருத்தி, ஒரு சின்ன வீடும் பட்டறையும் போட்டுக்கொண்டு இருந்துவிடலாம். திருநெல்வேலியில் லேப் இல்லையா, சுதாவுக்கு வேலை கிடைக்காதா? மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். பல நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

சுதா சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை, ஆச்சரியப்பட்ட சிரிப்பு. "நீங்க ஊருக்குப் போறீங்க, டீக் ஹை, சரி. என்னைய எதுக்கு என் ஊர விட்டுப் போகச் சொல்றீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பிள்ளை நம்மை விட்டு விலகுகிறது என்று இங்குள்ள தாய் தகப்பன் எல்லோரும் அழுவார்கள். இவள் ஒரு அடிகூட நகரவில்லை, நின்ற இடத்திலேயே நிற்கிறாள். ஊர் ஊர் என்று எட்டி எட்டிப் போனது நாங்கள்தான்.

"சரி, இருங்க" என்றார் அவர். "நம்பர் எழுதுனவிய எங்க தூக்கிப் போடுவாவளோ. காயிதத்தக் கையில புடிச்சிக்கிட்டு வரிசையில நின்னு, போ அந்தப் பக்கம்னு சொன்ன பொறவு போகணுமா? என்னால முடியாது, மாரி. அனுப்புததுக்கு முன்னாடி நானே எந்திரிச்சிப் போயிருதேன். அது ஒரு மரியாதை."

அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? இந்தச் சந்தில் பாதிப் பேர் மனசில் ஓடுவதுதான் அது. நான் மட்டும் என்ன தைரியத்தில் இருக்கிறேன்? கிளினிக்கும், சயான் மார்க்கெட்டும், பெண்கள் பெட்டியில் யாரோ கொடுக்கும் நாலு பட்டாணியும் போதும் என்கிற தைரியமா? அதைச் சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் அழுகைதான் முதலில் வந்தது.

"நீங்க போங்க. நான் வரல" என்று சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து சொல்லாத வார்த்தை. சொல்லிவிட்டுப் போய்க் குழாயடியில் வெறும் குடத்தோடு நின்றேன்.

5

பொங்கல் யாருடைய சண்டைக்காகவும் காத்திருக்காது. மார்கழி முடியப் போகிறது, மிஷின் வரவில்லை, கமிட்டியில் முணுமுணுப்பு. நானும் அடுத்த வீட்டு எஸ்தரும் மஸ்ஜித் பந்தருக்குப் போய், கமிட்டிக் காசில் சின்ன மிஷினை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். வருஷத்துக்கு ஒரு நாள், இந்தச் சந்துக்கு, இந்த விறகுக்கு. எனக்கு வேறு கணக்குத் தெரியவில்லை. மாற்றுச் செயின் ஒன்று சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர், சரி என்றேன். இவர் மிஷினைப் பார்த்தார். அன்றைக்கே உட்கார்ந்து பெட்ரோலும் ஆயிலும் அளந்து கலந்து, செயினின் இறுக்கத்தை விரலால் இழுத்துப் பார்த்தார். கருவி என்றால் கை சும்மா இருக்காது.

போகி அன்று சந்தே கூடியிருந்தது. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். காலில் பட்டறை பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு இவர் நின்றது பார்க்க நன்றாகவே இருந்தது. சுலைமான் பாய் அனுப்பிய உத்தரங்களில் முதல் கட்டையை இரண்டு செங்கலுக்கு மேல் வைத்தார்கள். மிஷின் உறுமியது. மரத்தூள் பறந்தது, எல்லோரும் கைதட்டினோம்.

பாதி இறங்குவதற்குள் கிரீச் என்று ஒரு சத்தம், தீப்பொறி. நிறுத்திப் பார்த்தால் செயினின் பல் எல்லாம் மழுங்கிப்போய்க் கிடந்தது. மரத்துக்குள் ஆணி. ஒன்றா இரண்டா? அது ஒருத்தர் வீட்டு உத்தரம். காலண்டர் மாட்டிய ஆணி, சாமி படத்து ஆணி, துணிக்கொடி கட்டிய ஆணி, தொட்டில் கொக்கி. தலை துருப்பிடித்து மரத்தோடு மரமாக மறைந்திருந்தது.

சின்னதா பெரியதா, பிளாஸ்டிக்கா உலோகமா என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோமே, அறுக்கப்போவது என்ன மரம் என்று ஒருத்தராவது யோசித்தோமா? கோடாலிக்கு ஆணி பொருட்டில்லை, ஒதுங்கிப் பிளந்துவிடும். அதனால் இத்தனை வருஷம் ஆணி எங்கள் கண்ணிலேயே படவில்லை. மூன்று மடங்கு கொடுத்துப் பெரியதை வாங்கியிருந்தாலும் இதே கதிதான். எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நான் இவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

அவர் பட்டறைக்குப் போய்க் குறடு எடுத்து வந்தார். ஒரு உத்தரத்தை மடியில் சாய்த்துக்கொண்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். உள்ளங்கையால் மரத்தைத் தடவித் தடவி ஆணியைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் அவரவர் வீட்டிலிருந்து இடுக்கியும் சுத்தியலுமாக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 'இங்க ஒண்ணு இருக்கு', 'இங்க தொட்டில் கட்டியிருக்காவ' என்று ஒரே பேச்சு. சுதா லேபிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆணிகளை ஒரு டப்பாவில் போட்டாள். நானும் போய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். பல நாளைக்குப் பிறகு அவரும் நானும் ஒரே கட்டையின் இரண்டு பக்கம் இருந்தோம்.

"ஊருல வேலமரத்துல ஆணி கெடையாது" என்றார், தலை நிமிராமல்.

"முள்ளு கெடக்குல்லா" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

மாற்றுச் செயினைப் போட்டு, இருட்டுவதற்குள் எல்லாக் கட்டையும் துண்டாகிவிட்டது. மறுநாள் ரோட்டில் வரிசையாகப் பொங்கியது. புகையில் கண் எரிந்தது, அதில் நான் கொஞ்சம் அழுததும் யாருக்கும் தெரியவில்லை. பாய்க்குத் தூக்குவாளி போயிற்று. கேஸ் அடுப்புப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

ஆனால் எங்கள் பேச்சு முடியவில்லை. அவர் தரிசைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கதவில் அந்த நம்பர் அப்படியே இருக்கிறது. தினமும் வெளியே போகும்போது அதைப் பார்க்கிறேன், உள்ளே வரும்போது பார்க்கிறேன். எங்களுக்கு எங்கே இடம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. தங்கச்சி மட்டும் போனில், அங்கே பெரிய மிஷினோடு ஆளே நாள் வாடகைக்குக் கிடைக்கிறான், இரண்டு நாளில் அந்தக் காட்டைச் சுத்தம் பண்ணிவிடலாம் என்றாள். இவர் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார்.

தை கடைசியில் ஒரு சாயங்காலம், போனில் டிக்கெட் போடுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பங்குனி உத்திரத்துக்கு ஊரில் குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும். ஊர்க்காரர்கள் எல்லோரும் போகிற சமயம், இப்போதே போட்டால்தான் உண்டு.

திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஒரு ஆளுக்குப் போடவா, ரெண்டு ஆளுக்கா?"

"ரெண்டு ஆளுக்கு."

அவர் விரல் போகிற தேதியைத் தேடியது.

"ரிட்டர்ன மொதல்ல போடுங்க" என்றேன். "அதுதான் கெடைக்காது."